நான்காம் ஓடு

புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நிலவரசி தன் கணவனின் இதயத்தை நிறுத்திவிட்டுக் காபி கலக்கப் போனாள். பதினொரு நிமிடம் இருந்தது. டிகாஷன் இறங்க எட்டு நிமிடம், பால் காய இரண்டு. மிச்சமுள்ள ஒரு நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பிவிடுவாள்.

இன்பசேகரன் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தான். அவன் விலாவுக்குக் கீழே துணைப் பம்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. உலோக இதயத்தின் நான்கு வால்வுகளிலும் வாரம் முழுக்கப் படியும் கசடை, இதயம் நின்றிருக்கும்போதுதான் கழுவ முடியும். அதுவரை இரத்தத்தை ஓட்டுவது துணைப் பம்பின் வேலை. முழுதாக மின்னேற்றி வைத்திருந்தால் இருபது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"சர்க்கரை கம்மியாப் போடு," என்றான்.

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. அப்புறம் நீங்களே ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டுக்கிட்டீங்க."

"இதயம் நின்னிருக்கும்போது நான் சொல்றதையெல்லாம் எடுத்துக்காத."

வியாழனின் துணைக்கோளான காலிஸ்டோவில், பனிக்கட்டியைக் குடைந்து கட்டிய ஊர் பனிப்பாளையம். ஒன்பதாயிரம் பேர். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு என்பதால் பிறவி இதயங்கள் சோம்பிப் போய்விடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் உலோக இதயத்துக்கு மாறியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை அதை நிறுத்துவது அங்கே நகம் வெட்டிக்கொள்வது மாதிரி. ஒரே ஒரு வேறுபாடு: அதற்கான கட்டளையைத் தவறில்லாமல் எழுத வேண்டும்.

அதுதான் அந்த ஊரில் யாருக்கும் வராது.

காரணம் மிக எளியது, மிக அற்பமானது. மனிதன் எழுதும் கட்டளை நேராக இயந்திரத்துக்குப் போவதில்லை. இடையில் 'ஓடு' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது வாக்கியத்தை வாங்கி, இடைவெளி வந்த இடங்களில் வெட்டி, துண்டு துண்டாக இயந்திரத்துக்கு ஊட்டும். எதை வெட்டக் கூடாதோ, எதைத் தொடாமல் அப்படியே கொடுக்க வேண்டுமோ, அதை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தர வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் பனிப்பாளையத்தின் மூன்று அடுக்குகளையும் மூன்று ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். ஆளுக்கொரு ஓட்டைக் கொண்டுவந்து பதித்துவிட்டுப் போனார்கள்.

மேலடுக்கின் ஓட்டுக்கு ஒற்றை மேற்கோள் குறி என்பது மதில். உள்ளே இருப்பதைத் தொடாது. குறியை மட்டும் உரித்துவிட்டு, உள்ளே இருந்ததை அடுத்தவரிடம் தள்ளும். நடுவடுக்கின் ஓட்டுக்கு ஒற்றைக் குறி வெறும் எழுத்து. இரட்டைக் குறியை மட்டும்தான் மதிக்கும். கீழடுக்கின் ஓடு எதையும் பார்ப்பதில்லை, வெட்டுவதும் இல்லை. வந்த வரியை அப்படியே இயந்திரத்தின் தலையில் கொட்டும். இயந்திரம் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளும். வீடுகள் மேலடுக்கில் இருந்தன. செய்திகளைக் கடத்தும் இணைப்பகம் நடுவடுக்கில். இதயங்களைச் செய்தவர்கள் கீழடுக்குக்காரர்கள். ஆக ஒவ்வொரு புதன்கிழமையும் நிலவரசி எழுதும் வரி மூன்று ஓடுகளைக் கடந்தாக வேண்டும். அவள் எழுதியது இது:

நிறுத்து இன்பசேகரன் '"*"' 11

நடுவில் இருக்கும் நட்சத்திர வடிவ உடுக்குறிக்கு இதயத்தின் மொழியில் 'எல்லா வால்வுகளும்' என்று பொருள். மேலடுக்கு ஒற்றைக் குறிகளை உரிக்கும். நடுவடுக்கு இரட்டைக் குறிகளை உரிக்கும். உடுக்குறி பத்திரமாக இதயத்தைச் சேரும். ஆனால் ஒரு சுற்றுக் குறி குறைந்தாலும், நடுவடுக்கு ஓட்டின் கையில் உடுக்குறி அம்மணமாகச் சிக்கும். அந்த ஓட்டின் மொழியில் அதற்குப் பொருள் வேறு: 'என் பட்டியலில் இருக்கும் எல்லோரும்.'

மூன்று ஓடுகளையும் ஒன்றாக்கியிருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். நல்ல பொறியாளர் ஒருவருக்கு அது ஒரு மாத வேலை. அதற்காக அமைத்த ஓடு ஒருமைப்பாட்டுக் குழு நாற்பத்து மூன்று ஆண்டுகளாகக் கூடிக்கொண்டிருந்தது. தங்கள் ஓடுதான் சரி என்று மூன்று அடுக்கினரும் நம்பினார்கள். மற்ற இரண்டையும் கற்றுக்கொள்வது தங்கள் அடுக்குக்கு இழுக்கு என்றும் நம்பினார்கள். குழுவின் முதல் ஆறு ஆண்டுகள், அதன் பெயரில் 'க்' மிகுமா மிகாதா என்பதிலேயே கழிந்தன. பிறகு மனித இனம் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். கோளாறைச் சரிசெய்யாமல், கோளாறோடு வாழ உதவுவதற்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

அதுதான் மேற்கோள் அலுவலகம். நிலவரசி அங்கே சரிபார்ப்பாளர். மக்கள் கொண்டுவரும் வரிகளில் குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. பதினான்கு ஆண்டுகளில் அவள் கையெழுத்திட்ட ஒரு வரிகூடத் தவறியதில்லை. அதனால் அவளுக்கு ஊரில் பெரிய மரியாதை. ஊரின்மேல் அவளுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. பக்கத்து வீட்டு வரியைப் பார்த்து எழுதி, பெயரை மாற்ற மறந்து, அடுத்தவர் இதயத்தை நிறுத்த விண்ணப்பம் கொண்டுவருகிற கூட்டம் அவள் மேசைக்கு முன் தினமும் நின்றது. புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வரி வேண்டும், அவ்வளவுதான்.

*

அந்த ஆண்டு அலுவலக இயக்குநராக சிதம்பரநாதன் வந்து சேர்ந்தார். பணிமூப்பு அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்திருந்தது. வேறு எதுவும் அவரை எங்கும் கொண்டுபோயிருக்க முடியாது. வந்த இரண்டாவது மாதம், இதயம் நிறுத்தும் சரியான வரியை எல்லா வீடுகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப முடிவு செய்தார். நல்ல யோசனை. வரியை நிலவரசிதான் எழுதிக் கொடுத்தாள். அச்சுக்குப் போகும் முன் படியைப் பார்த்தவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

"சார், இதுல குறியெல்லாம் வளைஞ்சிருக்கு."

"ஆமா. அழகுபடுத்தற மென்பொருள் ஒண்ணு வாங்கியிருக்கோம். நேர்க்குறி பாக்க மொட்டையா இருந்துது. இப்ப புத்தகத்துல வர்ற மாதிரி இருக்குல்ல?"

"ஓடுகளுக்கு நேர்க்குறிதான் சார் தெரியும். வளைஞ்ச குறியை மேலடுக்கு ஏதோ எழுத்துன்னு நெனச்சு விட்டுடும். நடுவடுக்கு தனக்குத் தெரியாத எழுத்தைக் குப்பைன்னு உதிர்த்துடும். நட்சத்திரம் தனியா நிக்கும்."

சிதம்பரநாதன் படியைக் கண்ணருகே கொண்டுபோனார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்க ரொம்ப நுணுக்கமாப் பாக்கறீங்கம்மா. மேற்கோள் குறி மேற்கோள் குறிதானே."

"இல்ல சார்."

"பொதுமக்களுக்குப் போற அறிக்கை. அழகா இருக்கணும். நீங்க போய் வேலையப் பாருங்க."

அவள் ஆட்சேபத்தைக் கோப்பில் எழுதி வைத்தாள். கோப்பு அவர் மேசைக்கு வந்தது. வாசிக்காமலே 'கண்டேன்' என்று கையெழுத்திட்டார்.

சுற்றறிக்கை வெளியான மூன்றாம் நாள் காலை, மேலடுக்கில் ஒருவர் அந்த வரியை நகலெடுத்து, மனைவியின் பெயரைச் சரியாகப் போட்டு, அனுப்பினார். நடுவடுக்குப் பட்டியலில் அப்போது இணைப்பில் இருந்த நானூற்றுப் பதினேழு இதயங்கள் ஒரே நொடியில் நின்றன.

துணைப் பம்புகள் எழுந்துகொண்டன. பெரும்பாலானோருக்கு ஒரு கிறுகிறுப்பு. பதினொரு நிமிடத்தில் எல்லாம் சரியானது. மூன்று பேர் மட்டும் பம்பை மின்னேற்றாமல் மாதக்கணக்கில் விட்டிருந்தார்கள். அவர்கள் இறந்துபோனார்கள். இன்பசேகரன் பனிச்சுரங்கத்தில் துளைப்பானின் மேல் ஏறி நின்றிருந்தபோது அது நடந்தது. விழுந்தவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவனுக்கு நினைவு திரும்பும்வரை நிலவரசி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எழுதினதா?" என்று கேட்டான்.

"நான் எழுதினத அழகுபடுத்திட்டாங்க."

"அப்ப சரி," என்று திரும்பக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் எழுதியது தவறாக இருக்க முடியாது என்பதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

*

விசாரணை ஆணையம் அமைத்தார்கள். ஒரு நபர் ஆணையம். மேற்கோள் விவகாரத்தில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்பதால், அந்த ஒரு நபர் சிதம்பரநாதன்.

தான் அனுப்பிய சுற்றறிக்கையைத் தானே விசாரித்து, ஐந்து வாரத்தில் இருநூற்று எண்பது பக்க அறிக்கை எழுதினார். பொதுமக்களின் கவனக்குறைவே காரணம் என்று முடித்தார். மேற்கோள் பயிற்சி வகுப்புகள் நடத்தவும் பரிந்துரைத்தார். அவை உடனே தொடங்கின. நிலவரசிதான் நடத்தினாள். பயந்துபோயிருந்த ஊர், வாழ்க்கையில் முதன்முறையாக, குறிகளைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டது.

அறிக்கையின் சரிபார்ப்புப் படி அவளிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. முதல் பக்கத்திலேயே அவள் கை நின்றது. 'விபத்துக்குக் காரணமான கட்டளை உள்ளது உள்ளபடி கீழே தரப்படுகிறது' என்று ஒரு வாக்கியம். அதன் கீழே, தனி வரியில், அந்தக் கட்டளை. வளைந்த குறிகளோடு. கடைசியில் 11 என்ற எண்கூட அச்சில் விட்டுப்போயிருந்தது. நேரம் குறிப்பிடாத நிறுத்தம் என்றால், யாராவது மறுபடி ஓட்டும்வரை நிறுத்தம்.

அரசு ஆவணங்களில் ஒரு வசதி இருந்தது. மக்கள் தட்டெழுதும் சிரமத்தைக் குறைக்க, அட்டையில் 'பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்று முத்திரையிட்ட ஆவணத்தை வீட்டில் திறந்த மாத்திரத்தில், அதில் தனி வரியாக இருக்கும் கட்டளை தானே இயங்கும். அறிக்கையின் அட்டையில் அந்த முத்திரை இருந்தது. எல்லா அறிக்கையிலும் இருக்கும்.

"சார், இத யாராவது ஒருத்தர் திறந்தாப் போதும். ஊரு முழுக்க நிக்கும். இந்தத் தடவை தானா ஓடவும் ஓடாது."

"இது அறிக்கைம்மா. கட்டளை இல்ல. அந்தக் கட்டளை இப்படி இருந்துதுன்னு சொல்றோம், அவ்வளவுதான்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஓட்டுக்குத் தெரியாது. சொல்றதுக்கும் செய்யச் சொல்றதுக்கும் நடுவுல வித்தியாசம் காட்டத்தான் சார் இந்தக் குறியே. மூணு சுற்று நேர்க்குறி போட்டுக் கட்டிடறேன். ஒரு நிமிஷ வேலை."

அவள் போட்டுக் காட்டினாள். சிதம்பரநாதன் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, எறும்பு மொய்ச்ச மாதிரி. மேலிடத்துக்குப் போற அறிக்கை. இவ்வளவு குறி போட்டா, நாம ஏதோ கேலி பண்றோம்னு நெனப்பாங்க." அவர் திரையில் விரலாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். "அறிக்கை வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு எல்லா வீட்டுக்கும் போகும். நீங்க கையெழுத்துப் போடலன்னாலும் போகும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அலுவலக ஊழியர் அனுமதியில்லாமல் ஊருக்கு எழுத்தில் எச்சரிக்கை அனுப்பினால் வேலை போகும். அதைவிட, அந்த எச்சரிக்கையை இணைப்பகம் தடுத்துவிடும். ஆனால் ஒரு வழி இருந்தது. உலோக இதயத்துக்கு வெளியிலிருந்து கட்டளை வரும் வழி அலைவாங்கி என்ற சிறு கருவி. விலாவுக்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது அணைந்துவிடும். அணைந்திருக்கும் நேரத்தில் இதயம் தன்பாட்டுக்கு ஓடும். யார் என்ன கத்தினாலும் அதன் காதில் விழாது. பத்து மணிக்கு அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் போதும். திறக்கிறவர்கள் வந்த சூட்டில் திறந்துவிடுவார்கள். வந்த அன்று திறக்காத அறிக்கையை எவரும் எந்தக் காலத்திலும் திறப்பதில்லை.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு மரகதம் வாசலில் நின்றிருந்தாள். மரகதத்தின் இதயம் பிறவி இதயம்தான். ஆனால் அவளுக்கு ஊர் முழுக்க உறவு.

"மரகதம், ஒண்ணு சொல்றேன், தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லிடு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இதயத்தோட அலைவாங்கிய அணைச்சிடணும். ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கலாம்."

"எதுக்குக்கா?"

"காரணம் சொன்னா உனக்குப் புரியாது. சொல்லிடு."

"சொல்லிடறேன்க்கா."

நிலவரசிக்கு மின்தூக்கி வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். இதேபோல இன்னும் எட்டுப் பேரிடம் சொன்னாள். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

*

வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். அலைவாங்கியை அணைத்தது மட்டும் அவளுக்குப் போதவில்லை. இன்பசேகரனை அழைத்துக்கொண்டு, எந்த அலையும் எட்டாத பழைய பனிச்சுரங்கத்துக்குப் போனாள். ஒரு பெட்டியின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் கை இன்னும் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணி ஆனது. அவள் அவன் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். இதயம் சீராக ஓடியது. பத்தரை. பதினொன்று.

"போலாமா?" என்றான்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"ஊருல எல்லாரும் பொழச்சிருப்பாங்க. நீதான் சொல்லிட்டியே."

அவர்கள் மேலடுக்குக்குத் திரும்பியபோது நடைபாதை முழுக்க ஆட்கள் நின்றார்கள். மருத்துவப் பணியாளர்கள் தூக்குப்படுக்கைகளோடு எதிரே வந்தார்கள். ஒரு படுக்கையின் பின்னால் மரகதம் தன் தங்கை பவளத்தைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். படுக்கையில் இருந்தவன் பவளத்தின் கணவன் தணிகைவேல். முகத்தை மூடியிருந்தார்கள்.

நிலவரசி முதலில் நினைத்தது, யாரோ அறிக்கையைத் திறந்துவிட்டார்கள் என்று. நேராக அலுவலகத்துக்கு ஓடி இணைப்பகத்தின் பதிவைப் பார்த்தாள். அறிக்கை பத்து மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு வீடுகளுக்குப் போயிருந்தது. திறந்தவர்கள் எண்ணிக்கை: சுழியம். ஒரு வீட்டில், ஒரே ஒரு வீட்டில்கூட, எவரும் அதைத் திறக்கவில்லை. அட்டையைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். எழுதியவரின் வீட்டிலேயே அது திறக்காமல் கிடந்தது.

பிறகு அவள் புதன்கிழமை மாலையில் ஊரைச் சுற்றிய செய்தியைப் பார்த்தாள்.

அவள் சொன்னதை மரகதம் மறக்கவில்லை. மதியம் பவளத்திடம் சொன்னாள்: "நாளைக்குப் பத்து மணிக்கு இதயத்தோட அத என்னமோ, அலைய, ஒரு மணி நேரம் அணைக்கணுமாம். நிலவரசிக்கா சொன்னாங்க." பவளம் கணவனிடம் சொன்னாள்: "பத்து மணிக்கு இதயத்த ஒரு மணி நேரம் அணைச்சு வெக்கணுமாம்." தணிகைவேல் பொறுப்பான ஆள். வாய்வழியாகப் போனால் தவறிவிடும் என்று அதை எழுத்தில் போட்டான்:

மிக முக்கியம். நாளை காலை சரியாகப் பத்து மணிக்கு அனைவரும் தங்கள் இதயத்தை அறுபது நிமிடம் நிறுத்தி வைக்கவும். துணைப் பம்பை நன்றாக மின்னேற்றிக்கொள்ளவும். மேற்கோள் அலுவலக நிலவரசி அவர்களே சொன்னது. சரியான கட்டளை வரி கீழே உள்ளது. உங்கள் அன்புக்குரிய அனைவருக்கும் உடனே பகிரவும்.

கீழே வரி இருந்தது. உடுக்குறியைச் சுற்றி இரட்டைக் குறி, அதைச் சுற்றி ஒற்றைக் குறி. எல்லாம் நேர்க்குறிகள். இறுதியில் 60. அவளுடைய பயிற்சி வகுப்பில் முதலாவதாக வந்தவன் அவன்.

ஊழியர் அல்லாத ஒருவரின் சொந்தச் செய்தி என்பதால் இணைப்பகம் தடுக்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு பேர் வாங்கி, ஆயிரத்து எண்ணூறு பேரும் அடுத்தவருக்குத் தள்ளினார்கள். அவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காலையில் அதன்படி செய்யவும் செய்தார்கள். பதினேழாவது நிமிடம் பம்பு எச்சரித்தபோது பெரும்பாலோர் பயந்துபோய் இதயத்தை ஓட்டிவிட்டார்கள். பதினான்கு பேர் ஓட்டவில்லை. எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டு, நிலவரசி சொன்னால் காரணம் இருக்கும் என்று, அமைதியாகப் படுத்திருந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு கட்டளைகளும் மூன்று ஓடுகளையும் ஒரு கீறல் இல்லாமல் கடந்திருந்தன. பனிப்பாளையத்தின் வரலாற்றில் ஒரே நாளில் ஒருவர்கூட மேற்கோள் குறியில் தவறு செய்யாதது அன்றுதான். மூன்று ஓடுகளுக்கு முன்னால், வாய்க்கும் காதுக்கும் நடுவில், நான்காவதாக ஓர் ஓடு இருந்தது. அதற்கு எந்தக் குறியும் தெரியாது. எதை வெட்டும், எதை உதிர்க்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. அதைச் சரிபார்க்க எவரும் ஓர் அலுவலகம் திறந்திருக்கவில்லை.

*

இரண்டாவது விசாரணை ஆணையத்துக்கும் சிதம்பரநாதனே தலைவர். அந்த வியாழக்கிழமை அவர் தன் உலோக இதயத்தோடு நலமாக இருந்தார். வந்த எதையும் வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லாததுதான் காரணம்.

ஆணையத்துக்கு வரையறுத்துத் தந்த கேள்வி ஒன்றே ஒன்று: மேற்கோள் பிழை ஏதேனும் நேர்ந்ததா? இல்லை என்று ஐந்தே நாளில் முடித்துவிட்டார்கள். நிலவரசி எழுந்து, தான் என்ன சொன்னாள், அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று விளக்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் பேச்சும்மா," என்றார் சிதம்பரநாதன். "பேச்சு நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராது. கட்டளையெல்லாம் சரியா இருந்துது. உங்க வகுப்பாலதான். பாராட்டணும்."

பாராட்டினார்கள். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'குறிப்பிழையற்ற நாள்' என்று அந்தத் தேதியை அலுவலக நாட்காட்டியில் சேர்த்தார்கள். முதல் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்த மனுவையும் 'கண்டேன்' என்று கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். அந்த அறிக்கை இன்றும் எல்லா வீடுகளிலும் திறக்காமல் கிடக்கிறது. பனிப்பாளையம் அதனால்தான் உயிரோடு இருக்கிறது.

மறு வாரம் ஒரு காலை பவளம் நிலவரசியின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அக்கா, நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு உள்ளபடி தெரியணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நிலவரசி சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அலைவாங்கி," என்று பவளம் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ஒரு சொல்லு."

"உங்கக்காவத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கணும். இதயத்துக்கு எழுதற வரிய மூணு தடவை பாப்பேன். மனுஷங்களுக்கு அது எதுக்குன்னு விட்டுட்டேன். இயந்திரந்தான் திருப்பிக் கேக்காது. மனுஷங்க புரியலைன்னா கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"எங்க வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துதுக்கா. 'ஒரு மணி நேரமா, பம்பு தாங்காதே'ன்னாரு. 'அப்ப நேராப் போய்க் கேட்டுட்டு வாங்க'ன்னேன்." பவளம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் ஒரு சந்தேகம் கேக்க உங்க மேசைக்கு வந்தாராம். எல்லார் முன்னாடியும் ஒண்ணரை மணி நேரம் நிக்க வெச்சு, 'தலைல மூளைதானே இருக்கு'ன்னு கேட்டீங்களாம். 'வகுப்புல உக்காந்தது வேற. மறுபடியும் அந்தம்மாகிட்ட சந்தேகம்னு என்னால போய் நிக்க முடியாது, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னுட்டாரு."

நிலவரசிக்கு அவனை அப்படி நிற்க வைத்தது நினைவில்லை. அந்த வாக்கியம் நினைவிருந்தது. நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். பவளம் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

கதவு முழுதாக மூடிக்கொள்ளவில்லை. நடைபாதையில் காத்திருந்த பெண்கள் பவளத்தைச் சூழ்ந்துகொள்வது கேட்டது.

"என்ன சொன்னாங்க?"

"மன்னிப்புக் கேட்டாங்க," என்றாள் பவளம்.

நிலவரசி கேட்டிருக்கவில்லை. அவள் கேட்டிருக்க வேண்டிய ஒன்று அதுதான் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் கை கதவின் கைப்பிடி வரை போனது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் விட்டதில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, பேச்சுக் குரல்கள் மின்தூக்கிக்குள் போய் மறையும்வரை, அப்படியே நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

அன்று மாலைக்குள் கீழடுக்கில், நிலவரசி பவளத்தின் காலைப் பிடித்துக்கொண்டு கதறி அழுததாகப் பேசிக்கொண்டார்கள். நேரில் பார்த்தவர்களே நான்கு பேர் இருந்தார்கள்.